கைவிடலாம் என்று தோன்றிய ராத்திரி, அப்புறம் மறுநாள் காலை

நுரைக்காரி, திருச்சி

நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு சட்டி சோப்பைக் குப்பையில் கொட்டினேன். கொட்டினேன் என்பதுகூடத் தப்பு, அது கொட்டுகிற நிலையில் இல்லை. கரண்டி நட்டுக்கொண்டு நின்றது. சட்டியோடு தூக்கிப் போட்டேன். இது நான்காவது தடவை.

எட்டு மாதமாக வீட்டில் சோப்பு செய்கிறேன். எண்ணெயையும் காஸ்டிக் சோடா கரைசலையும் கலக்கி, அச்சில் ஊற்றி, நாலு முதல் ஆறு வாரம் காயவிட்டு எடுக்கும் முறை. ஆரம்பத்தில் நன்றாகவே வந்தது. சொந்தக்காரர்கள் கேட்டு வாங்கிப் போனார்கள். சரி, விற்கலாம் என்று விசாரித்தால், சோப்பு அழகுசாதனக் கணக்கில் வருகிறது, செய்து விற்க மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் உரிமம் வேண்டும் என்றார்கள். அதற்கும் மனசைத் தேற்றிக்கொண்டு தாள்களைச் சேர்க்க ஆரம்பித்தேன். அந்த நேரம் பார்த்துச் சோப்பு வரமாட்டேன் என்கிறது. "பொழுதுபோக்கு பொழுதுபோக்காவே இருக்கட்டுமே" என்கிறார் வீட்டுக்காரர். நேற்று எனக்கும் அது சரி என்றே பட்டது.

தைரியம் சொல்ல வேண்டாம். அதெல்லாம் தினமும் காலையில் வாட்ஸப்பில் ரோஜாப்பூ படத்தோடு வந்துவிடுகிறது. உங்களுக்கு இப்படி ஒரு ராத்திரி வந்திருந்தால், மறுநாள் காலை எழுந்து என்ன செய்தீர்கள்? அதை மட்டும் சொல்லுங்கள்.


கண்ணாடிக்கிறுக்கன், தாம்பரம்

அக்கா, எனக்கு அது ஒரு ராத்திரி இல்லை, ஐந்து மாதம்.

ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்துக்குப் போய் வந்ததிலிருந்து பிடித்த கிறுக்கு. தொலைநோக்கிக்கு வேண்டிய குழிக்கண்ணாடியை நானே தேய்த்து எடுப்பது என்று 2022ல் இறங்கினேன். ஆறு அங்குல விட்டத்தில் தடிமனான இரண்டு கண்ணாடி வட்டுகள். ஒன்று கீழே, ஒன்று மேலே, நடுவில் கார்போரண்டம் என்ற உரசும் பொடியும் தண்ணீரும். மேல் வட்டை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே மேசையைச் சுற்றி நடக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தை. மேலே இருப்பது தானாகக் குழியும், கீழே இருப்பது குவியும். எவ்வளவு குழிய வேண்டும் என்று சொன்னால் சிரிப்பீர்கள். நான் எடுத்த அளவுக்கு நடுவில் 1.2 மில்லிமீட்டர்.

எண்பதாம் நம்பர் பொடியில் அது சீக்கிரமே வந்துவிட்டது. பிறகு 120, 220 என்று நைசான பொடிகளுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் மேசை, வாளி, நகக்கண் வரை கழுவ வேண்டும். முந்தைய பொடியில் ஒரே ஒரு மணி ஒட்டிக்கொண்டிருந்தாலும் கோடு விழும். எனக்கு இரண்டு தடவை விழுந்தது. குற்றவாளி சட்டையின் கைமடிப்பு. அதன்பின் பனியனோடுதான் தேய்த்தேன்.

இதுவரை கை வலி மட்டும். மனசு விட்டுப்போனது பாலிஷ் கட்டத்தில். தார் மாதிரி இருக்கும் பிட்சை உருக்கி வட்டின் மேல் ஊற்றி, சதுரம் சதுரமாகக் கீறி, சீரியம் ஆக்சைடு என்ற பாலிஷ் பொடிக் குழம்பைத் தடவித் தேய்க்க வேண்டும். இங்கே மில்லிமீட்டர் பேச்செல்லாம் கிடையாது. பரப்பில் இருக்கும் பிசகு, தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குள் அடங்க வேண்டும். இதை வீட்டிலேயே பார்க்க முடியும் என்பதுதான் வேடிக்கை. 1858ல் ஃபூக்கோ என்ற பிரெஞ்சுக்காரர் சொல்லிவிட்டுப் போன சோதனை. ஒரு சின்ன விளக்கும் ஒரு சவர பிளேடும் போதும். கண்ணாடியிலிருந்து திரும்பி வரும் வெளிச்சம் குவிகிற புள்ளியில் பிளேடை மெல்ல நுழைத்தால், மேடு பள்ளமெல்லாம் நிழலாக எழுந்து நிற்கும். நடுவில் கையை நீட்டினால் உள்ளங்கையிலிருந்து கிளம்பும் சூடுகூடப் புகை மாதிரி தெரியும்.

எனக்குத் தெரிந்தது ஓரம் சரிந்த கண்ணாடி. விளிம்பு முழுக்க மடிந்து கிடந்தது. திருத்தினேன். சரிவு அகலமானது. மறுபடி திருத்தினேன், நடுவில் ஒரு பள்ளம் வந்தது. இப்படியே ஐந்து மாதம். 2023 மே மாதத்தில் ஒரு ராத்திரி, கீழே போட்டால் எப்படி உடையும் என்று பார்ப்பதற்காக அதை மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் வரைக்கும் கொண்டுபோனேன். கீழே பக்கத்து வீட்டுக்காரர் கார் நின்றிருந்தது. திரும்பி வந்து சோதனைத் தாங்கியிலேயே வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை நான் ஒன்றும் செய்யவில்லை. அதுதான் என்னைக் காப்பாற்றியது. ஐந்து மணிக்குத் தூக்கம் வராமல் சும்மா விளக்கைப் போட்டு எட்டிப் பார்த்தால், நிழல் வேறு மாதிரி இருந்தது. சரிவில் பாதியைக் காணோம். தேய்த்த சூட்டிலும் கைச் சூட்டிலும் கண்ணாடி உப்பி வடிவம் மாறியிருக்கும், முழுசாக ஆற மணிக்கணக்கில் ஆகும். இதைப் படித்தும் இருக்கிறேன். ஆனாலும் அவசரத்தில், தேய்த்த பத்தாவது நிமிஷம் சோதித்து, இல்லாத பிசகைத் திருத்தப்போய் நல்லபடியாக இருந்த இடத்தையும் கெடுத்திருக்கிறேன்.

மிச்சப் பாதிச் சரிவு நிஜம். மே மாதச் சூட்டில் பிட்ச் இளகிப்போனதால் வந்தது. பிட்சைக் கூடுதல் நேரம் காய்ச்சிக் கெட்டியாக்கினேன், தள்ளும் நீளத்தைக் குறைத்தேன், விடியற்காலை நாலு மணிக்கு மட்டும் தேய்த்தேன், சாயங்காலம்தான் சோதித்தேன். ஒரு நாளைக்கு ஒரே சோதனை. பொறுமை என்று சொல்ல மாட்டேன், எரிச்சல்தான். ஆனால் அந்த எரிச்சலில் கை வைக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டேன்.

இடையில் வேலை மாற்றம், அப்பாவுக்கு உடம்பு சரியில்லாதது என்று ஒரு வருஷத்துக்கு மேல் போனது. அலுமினியப் பூச்சு பூசி, குழாயில் மாட்டி, 2025 நவம்பரில் மழை விட்ட ஒரு ராத்திரி முதன்முதலாகச் சனியைப் பார்த்தேன். வளையத்தைக் காணோம்! சுமார் 15 வருஷத்துக்கு ஒருமுறை அது நமக்கு விளிம்பைக் காட்டி நிற்கும், கத்தியை ஓரமாகப் பார்ப்பது மாதிரி. 2025 அந்த வருஷம். ஊசியால் குத்திய மாதிரி ஒரு கோடு, அவ்வளவுதான். என் மகள் கண்ணை எடுத்துவிட்டு, "இதுக்காப்பா மூணு வருஷம்?" என்றாள்.


வைக்கோல்படப்பு, விருதுநகர் மாவட்டம்

கண்ணாடி அண்ணே, உங்களுக்காவது பிளேடு வைத்துப் பார்க்க முடிந்தது. என் எதிரி காற்றிலேயே இருந்தான்.

சிப்பிக்காளான் போட்டேன். வைக்கோலை நாலைந்து மணி நேரம் ஊற வைத்து, ஒரு மணி நேரம் வேக வைத்து, உலர்த்தி, பாலித்தீன் பையில் ஓர் அடுக்கு வைக்கோல், ஓர் அடுக்கு வித்து என்று நிரப்ப வேண்டும். இரண்டு, மூன்று வாரத்தில் அந்தப் பை, அதாவது படுக்கை, முழுக்கக் காளான் இழை வெள்ளையாகப் படரும். பயிற்சியில் காட்டிய படமெல்லாம் இட்லி மாதிரி வெள்ளை. என் கொட்டகையில் நாற்பது படுக்கையில் முப்பத்தொன்று பாசிப்பயறு நிறம்.

டிரைக்கோடெர்மா என்கிற பச்சைப் பூசணம். வைக்கோலை இன்னும் அதிக நேரம் வேக வைத்தேன். கையுறை போட்டேன். கொட்டகைக்குள் யாரையும் விடவில்லை. அடுத்த தவணையும் பச்சை. வித்து கொடுத்தவரோடு போனில் சண்டை போட்டேன். பாவம், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. அன்றைக்கு ராத்திரி நோட்டில் வரவு செலவைக் கூட்டிப் பார்த்துவிட்டு, அடகு வைத்த வளையலை நினைத்து அழுதேன்.

மறுநாள் காலை பச்சைப் படுக்கைகளைத் தூரக் கொண்டுபோய்ப் புதைக்கத் தொழுவத்தைச் சுற்றிப் போனேன். மாமா, அதாவது என் மாமனார், தொழுவுரத்தில் ஏதோ பொடியைக் கலந்துகொண்டிருந்தார். "என்ன மாமா அது?" என்றேன். "வேரழுகலுக்கும்மா, விரிடி." பாக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். டிரைக்கோடெர்மா விரிடி. கடலைக்கும் பருத்திக்கும் அது காவல்காரன், வேரை அழுகவைக்கிற பூசணங்களை அடக்கி வைக்கும். காளானும் பூசணம்தானே, அதற்கு வித்தியாசம் தெரியுமா? மாமா அதை ஈரச் சாக்கு போட்டு மூடி, நாள்கணக்கில் பெருகவிட்டு, பிறகு வயலுக்குக் கொண்டுபோவார். கொட்டகைக்கும் உரக்குவியலுக்கும் நடுவில் இருபது அடி.

அது மட்டும்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். என் வைக்கோலிலும் ஈரம் கூடுதல். பிடித்துப் பிழிந்தால் உள்ளங்கை நனையலாம், சொட்டக் கூடாது. எனக்குச் சொட்டியது. அதை ஒரே நாளில் திருத்திவிட்டேன். உரக்குவியலை இடம் மாற்றச் சொல்லத்தான் ஒரு வாரம் ஆனது. இருபது வருஷமாக அங்கேயே உரம் போடுகிறவரிடம், நேற்று வந்த காளானுக்காக என்று எப்படிச் சொல்வது? கடைசியில் அத்தைதான் சொன்னார்கள். மாமா மூன்று நாள் பேசவில்லை, நாலாம் நாள் தானே வண்டியில் அள்ளிப் போட்டுவிட்டார்.

அதன்பிறகு வெள்ளையாக வந்தது. ஆனால் கோடை வந்ததும் மறுபடி அடி. சிப்பிக்காளானுக்கு 25 டிகிரி பக்கம் இருக்க வேண்டும். எங்கள் ஊரில் சித்திரையில் மண்பானைக்குள்கூட 25 இருக்காது. ஈரச் சாக்கு கட்டி அடைத்தால் காற்றில்லாமல் காம்பு நீண்டு குடை சுண்டைக்காய் அளவுக்கு வரும். திறந்துவிட்டால் மொட்டு கருகும். இரண்டு கோடையை இப்படித் தொலைத்தேன். அப்புறம் ஒரு அக்கா, "ஏன் கொட்டகையோட மல்லுக்கட்டுற, பால் காளான் போடேன்" என்றார். 30, 35 டிகிரியில் விளைவது அது. அதில் ஏபிகே 2 என்ற ரகத்தை 1998ல் வெளியிட்டதே வேளாண் பல்கலைக்கழகத்தின் அருப்புக்கோட்டை நிலையம்தான். பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

இப்போது கோடையில் பால் காளான், ஐப்பசியிலிருந்து மாசி வரை சிப்பி. பால் காளான் பறித்த அன்றே வாடாது என்பதால் கடைக்காரர்களிடம் கெஞ்சுவது குறைந்திருக்கிறது. வளையலைப் போன தை மாதம் மீட்டேன்.


அரைக்கட்டை, தஞ்சாவூர்

52 வயதில் புல்லாங்குழல். மூன்று வாரம் வெறும் காற்று, தலைசுற்றல், பேரனின் சிரிப்பு. மறுநாள் காலை குழலைத் திருப்பிக் கொடுக்கத்தான் ஆசிரியர் வீட்டுக்குப் போனேன். அவர் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து முன்னால் வைத்து, "இப்ப ஊதுங்க" என்றார். என் உதடு துளையிலிருந்து அரை விரல் தள்ளி இருந்தது. சத்தம் வந்தது. ச மட்டும். ரி வர இன்னொரு மாதம்.


தாம்பூலப்பை, கரூர்

எல்லாரும் விடாமல் பிடித்த கதை சொல்கிறீர்கள். நான் விட்ட கதையைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைக்குத் தடை என்றதும், ஊரெல்லாம் துணிப்பைக்கு வரிசையில் நிற்கும் என்று கணக்குப் போட்டு ஆறு தையல் மெஷின் வாங்கினேன். மளிகைக்கடை மளிகைக்கடையாக ஏறி இறங்கினேன். "நல்ல விஷயம் தம்பி" என்பார்கள், டீ வாங்கிக் கொடுப்பார்கள், ஆர்டர் கொடுக்க மாட்டார்கள். நாற்பது ரூபாய்க்குச் சாமான் வாங்குகிறவருக்குப் பன்னிரண்டு ரூபாய்ப் பையை எந்தக் கடைக்காரர் சும்மா கொடுப்பார்? இந்தச் சின்னக் கணக்கு எனக்குப் புரிய இரண்டு வருஷம் ஆனது. ஏனென்றால் எல்லாரும் "விட்ராத, விட்ராத" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். விடாமல் இருந்ததில் கடன்தான் ஏறியது.

ஒரு ராத்திரி மெஷின்களை விற்க விளம்பரம் எழுதி வைத்தேன். மறுநாள் காலை அதைப் போடுவதற்கு முன் பழைய பில் புத்தகத்தைப் புரட்டினேன். முழுப் பணமும் பேரம் பேசாமல் உடனே வந்த பில்கள் எவை என்று பென்சிலில் குறித்தேன். பதினொன்று இருந்தன. ஒன்பது கல்யாண வீடுகள். மணமக்கள் பெயர் அச்சடித்த தாம்பூலப் பை.

கடைகளை அன்றோடு விட்டேன். மூன்று மெஷினை விற்றேன், மூன்று இருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, அப்போது எது கிடைக்கிறதோ அது. நான் ஆரம்பத்தில் நினைத்த தொழில் இது இல்லை. அதற்கு இன்னும் கொஞ்சம் வருத்தம் உண்டு.


கண்ணாடிக்கிறுக்கன், தாம்பரம்

நுரைக்காரி அக்கா, கேட்டால் திட்டாதீர்கள். கெட்டுப்போன நான்கு சட்டியிலும் பொதுவாக என்ன இருந்தது? முதல் இரண்டு மாதத்தில் இல்லாதது ஏதாவது? அப்புறம், காஸ்டிக் சோடாவை எந்தத் தராசில் நிறுக்கிறீர்கள்?


நுரைக்காரி, திருச்சி

திட்டவில்லை. எழுந்துபோய் நோட்டை எடுத்துப் பார்த்தேன். நோட்டு என்பது காலண்டரின் பின்பக்கம்.

நான்கிலும் கிராம்பு எண்ணெய். மார்ச்சில் ஒருவர் பல்வலிக்கு வாங்கிய பெரிய பாட்டிலைக் கொடுத்தார், வாசனையாக இருக்கிறதே என்று அன்றிலிருந்து சேர்க்கிறேன்.

தராசு சமையலறைத் தராசு. ஐந்து கிராம் ஐந்து கிராமாகத்தான் காட்டும்.


வைக்கோல்படப்பு, விருதுநகர் மாவட்டம்

அக்கா, கிராம்பு எண்ணெயா! என் தங்கையும் சோப்பு செய்கிறாள், அதை வீட்டுக்குள்ளேயே விடமாட்டாள். அதில் இருக்கும் யூஜெனால் பட்டால் கலவை கண்ணெதிரே கல்லாக இறுகிவிடும் என்பாள். தராசையும் மாற்றிவிடுங்கள். அரைக்கிலோ தேங்காய் எண்ணெய்க்கு அவள் 87 கிராம் காஸ்டிக் போடுகிறாள், அதில் ஐந்து கிராம் கூடினால் தோல் எரியும்.


நுரைக்காரி, திருச்சி

சட்டியைக் குப்பையிலிருந்து எடுத்துவிட்டேன். வெந்நீரில் ஊறுகிறது, கரண்டி இன்னும் வரவில்லை. நகைக்கடை வைத்திருக்கும் சித்தப்பாவிடம் பழைய தராசு ஒன்று கேட்டிருக்கிறேன். சனிக்கிழமை வெறும் தேங்காய் எண்ணெயில் அரைக்கிலோ மட்டும், வாசனை கிடையாது, நிறம் கிடையாது. காய ஆறு வாரம். அதற்கு முன்னால் எப்படி வந்தது என்று யாரும் கேட்காதீர்கள்.