அமெரிக்க சரித்திரத்தை வீட்டில் எப்படிச் சொல்லிக் கொடுக்கிறீர்கள்?

பெரம்பூர் அம்மா

பிள்ளைகள் இரண்டு பேரையும் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். பையனுக்கு 12, பெண்ணுக்கு 9. டெக்சாஸில் இருக்கும் என் நாத்தனார் அங்கே அவர்கள் வீட்டில் சொல்லிக் கொடுக்கிற கிறிஸ்தவப் பாடப் புத்தகங்களை ஒரு பெட்டி நிறைய அனுப்பியிருக்கிறார். கணக்கு, அறிவியல் எல்லாம் நன்றாகவே போகிறது, சரித்திரத்தில்தான் சிக்கல். 1620-ல் இங்கிலாந்திலிருந்து மேஃபிளவர் கப்பலில் குடியேற வந்தவர்கள், முதல் குளிர்காலத்திலேயே அதில் பாதிப் பேர் இறந்துபோனது, மறு வருஷம் அறுவடைக்கு நன்றி சொல்லி விருந்து வைத்தது என்று பக்கம் பக்கமாக அழகாக எழுதியிருக்கிறார்கள், பிள்ளைகள் குடும்ப ஜெபத்தில்கூட அதைப் பற்றிப் பேசுகிறார்கள். அடிமை வியாபாரம் வந்ததும் புத்தகம் அவசரமாகத் தாண்டிவிடுகிறது. போன வாரம் பையன் கேட்டான்: "அடிமை வச்சிருந்தவங்களும் ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போனாங்களாம்மா?" ஆமாம் என்றேன். அதற்கு மேல் எப்படிக் கொண்டுபோவது? விசுவாசம் ஆட்டம் காணக்கூடாது, உண்மையையும் மறைக்கக்கூடாது. இந்தப் பாடத்தையே விட்டுவிடலாமா?

வியாசர்பாடி தகப்பன்

சிஸ்டர், விடாதீர்கள். உங்கள் பையன் கேட்டதுதான் அந்தப் பாடத்தின் உயிர்.

அந்த விருந்தில் உட்கார்ந்த, வாம்பனோவாக் என்ற பூர்வகுடி மக்களின் தலைவர் மாசசாய்ட்டின் மகன் மெட்டாகாம். 1675-ல் அவருக்கும் குடியேறிகளுக்கும் பெரிய சண்டை வந்து மறு வருஷம் அவர் கொல்லப்பட்டார். அவருடைய மனைவியும் ஒன்பது வயது மகனும் பிடிபட்டார்கள். அந்தப் பிள்ளையை என்ன செய்வது என்று குடியேறிகளின் ஊரான பிளிமத்தில் போதகர்களிடம் கேட்டார்கள், சிலர் வேத வசனம் காட்டியே கொல்லலாம் என்றார்கள். ஜேம்ஸ் கீத் என்ற போதகர் மட்டும் உபாகமம் 24-ஐ எடுத்துக் காட்டி, தகப்பன் செய்ததற்காகப் பிள்ளையைக் கொல்லக்கூடாது என்று வாதாடினார். கடைசியில் கொல்லவில்லை, அடிமையாக விற்றுவிட்டார்கள். எல்லார் கையிலும் இருந்தது ஒரே வேதாகமம். உபாகமம் 24:16-ஐப் பையனையே வாசிக்கச் சொல்லி, நீயாக இருந்தால் அந்தக் கூட்டத்தில் என்ன சொல்லியிருப்பாய் என்று கேளுங்கள்.

விசுவாசம் ஆட்டம் காணுமோ என்ற பயம் வேண்டாம். தாவீது பத்சேபாளை எடுத்துக்கொண்டு உரியாவைச் சாகக் கொடுத்ததை வேதாகமம் மூடி மறைத்ததா? நாத்தான் வந்து முகத்துக்கு நேரே "நீரே அந்த மனுஷன்" என்றது வரை எழுதி வைத்திருக்கிறது. ராஜாவின் பாவத்தையே பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறோம், ஒரு தேசத்தின் பாவத்தை ஏன் ஒளிக்க வேண்டும்? அடிமையாகப் பிறந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ் 1845-லேயே, கிறிஸ்துவின் மார்க்கம் வேறு, இந்த நாட்டில் நடக்கிற மார்க்கம் வேறு என்று எழுதிவிட்டார். அதே வருஷம்தான் அடிமை முறையை ஒட்டித் தெற்கத்திய பாப்டிஸ்டுகள் தனியாகப் பிரிந்தார்கள்.

அப்புறம், நம் பக்கமும் சொல்ல வேண்டும். சபைக்குள் சாதி கூடாது என்று 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் கண்டிப்பாக எழுதியபோது, இதோ நம் வேப்பேரியிலேயே அதை ஏற்காமல் பலர் விலகிப் போனார்கள். தனிக் கல்லறைத் தோட்டம் எல்லாம் நம் ஊர்களில் பழங்கதை ஆகிவிடவில்லை. இதைச் சொல்லாமல் அமெரிக்காக்காரனை மட்டும் குறை சொன்னால் பிள்ளைகள் நம்மை நம்ப மாட்டார்கள்.

ராயபுரம் மெர்சி

பிரதர் சொல்வது சரிதான், ஆனால் ஒன்பது வயதுப் பெண்ணுக்கு அதே வயதுப் பிள்ளையை விற்ற கதை இப்போதே வேண்டுமா? அவளுக்கு அங்கே முன்பே ஜனங்கள் இருந்தார்கள், சோளம் பயிரிடக் கற்றுக் கொடுத்தார்கள், பிறகு அவர்கள் நிலம் பறிபோனது என்ற அளவு போதும். பையனுக்கு முழுதும் சொல்லுங்கள்.

பரீட்சையையும் மறக்காதீர்கள் அக்கா. எங்கள் வீட்டில் என்.ஐ.ஓ.எஸ். (தேசியத் திறந்தநிலைப் பள்ளி) வழியாகத்தான் பத்தாவது, 14 வயது முடிந்தால் எழுதலாம். அதற்கு இந்த அமெரிக்கப் புத்தகம் உதவாது. சமச்சீர் ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் அமெரிக்கப் புரட்சி இருக்கிறது, தமிழிலேயே வாசிக்கலாம், இரண்டையும் பக்கத்தில் வைத்து எது எதை விட்டிருக்கிறது என்று பையனையே குறிக்கச் சொல்லுங்கள். நம் தேசத்து சரித்திரத்துக்கு அதைவிட அதிக நேரம் கொடுங்கள் என்பது என் அபிப்பிராயம்.

தண்டையார்பேட்டை டீச்சர்

முப்பது வருஷத்துக்கு மேல் சரித்திரம் நடத்தியவள் என்பதால் சொல்கிறேன் மகளே, நம் செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலிருந்து தொடங்கு. பாரிமுனையில் இறங்கினால் நடக்கும் தூரம். புனித மேரி தேவாலயம் 1680-ல் பிரதிஷ்டை ஆனது, அங்கே நடந்த முதல் கல்யாணம் எலைஹு யேலுடையது. பாஸ்டனில் பிறந்தவர், 1687 முதல் 1692 வரை இங்கே கவர்னர். அவர் கொடுத்த புத்தகங்களுக்கும் சரக்குப் பொதிகளுக்கும் நன்றியாகத்தான் 1718-ல் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு அவர் பெயரை வைத்தார்கள். அவர் இருந்த காலத்தில் இந்தக் கடற்கரையிலிருந்து மனிதர்களை அடிமைகளாகக் கப்பல் ஏற்றியதும் கிழக்கிந்தியக் கம்பெனியின் பதிவேடுகளில் இருக்கிறது. பையன் கேட்ட கேள்விக்கு அந்தக் கோயிலுக்குள் நின்றே பதில் சொல்லலாம்.

பக்கத்தில் கோட்டை அருங்காட்சியகத்தில் காரன்வாலிஸ் சிலை. அமெரிக்க சுதந்திரப் போரில் ஆங்கிலேயத் தளபதியாக 1781-ல் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் தோற்றுச் சரணடைந்த அதே ஆள், 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் இரண்டு மகன்களைப் பிணையாக வாங்கினார். சிலையின் பீடத்தில் அந்தக் காட்சியைச் செதுக்கியிருக்கிறார்கள், சின்னவளுக்குக் காட்டு, பிள்ளைகள் முகத்தைப் பார்த்தாலே நிறையக் கேட்பாள்.

பெரம்பூர் அம்மா

எல்லாருக்கும் நன்றி. நாத்தான் கதையிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று வீட்டுக்காரரும் சொல்கிறார். டீச்சர், இந்த வெள்ளிக்கிழமை பிள்ளைகளைக் கோட்டைக்கு அழைத்துப் போகட்டுமா?

தண்டையார்பேட்டை டீச்சர்

வெள்ளிக்கிழமை அருங்காட்சியகம் விடுமுறை. சனிக்கிழமை காலையில் போ, அடையாள அட்டை எடுத்துக்கொள், வாசலில் சோதனை உண்டு.