‘இது எங்கள் வேதத்தில் இல்லையே!’ – உங்களுக்கும் நேர்ந்ததா?

வாசகி

அக்கா கல்யாணத்தில் முதல் வாசகம் நான்தான். நாங்கள் கத்தோலிக்கர், அத்தான் வீட்டார் சீர்திருத்த சபை. தோபித்து 8: தோபியாவும் சாராவும் முதலிரவில் எழுந்து நின்று ஜெபிக்கிற இடம். திருமணத் திருப்பலியில் வழக்கமாக எடுக்கிற வாசகம் என்பதால் யாரும் யோசிக்கவே இல்லை.

முன்வரிசையில் அத்தானின் பெரியப்பா, மடியில் கருப்பு அட்டை வேதாகமம். நான் “தோபித்து நூலிலிருந்து வாசகம்” என்றதும் அவர் விரல் மல்கியாவுக்கும் மத்தேயுவுக்கும் நடுவே போனது, அங்கிருந்து பின்னால் போனது, கடைசியில் பொருளடக்கத்துக்கே போனது. இரண்டு பேரும் சேர்ந்தே முதுமை அடையணும் என்று தோபியா கேட்கிற வரிக்கு நான் வரும்போது புத்தகத்தை மூடிவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம், “இது வேதமே இல்லையே” என்றார். எனக்கே கேட்டது என்றால் பாருங்கள். எங்கள் வேதாகமத்தில் இருக்கும் தோபித்து அவர்கள் வேதாகமத்தில் இல்லை.

முடிவில் “இது ஆண்டவர் வழங்கும் அருள்வாக்கு” என்று சொல்லணும். சொன்னேன். “இறைவா உமக்கு நன்றி” எங்கள் பக்கமிருந்து மட்டும்தான் வந்தது.

சாயங்காலம் அவரே தேடி வந்து, “நல்லா வாசிச்சே பாப்பா” என்றார். எதைப் பாராட்டினார் என்று இன்றுவரை பிடிபடவில்லை.

கடைசி பெஞ்ச்

எங்கள் வாலிபர் கூட்டத்தில் யூதாவின் நிருபம் ஓடிக்கொண்டிருந்தது. 14-ம் வசனம், ஆதாமுக்கு ஏழாந்தலைமுறையான ஏனோக்கு சொன்ன தீர்க்கதரிசனம். ஒரு பையன் கையைத் தூக்கி, “அண்ணே, இது பழைய ஏற்பாட்டுல எங்க இருக்கு?” என்றான். நடத்தினவர், “அது வாய்வழியா வந்தது, அடுத்த வசனம் வாசி” என்றார். பையன் விடவில்லை. போனைப் பார்த்து ஏனோக்கு நூலின் முதல் அதிகாரத்தையே சத்தமாக வாசித்தான். ஆயிரமாயிரம் பரிசுத்தவான்களோடு கர்த்தர் வருகிறார், எல்லாரையும் நியாயந்தீர்க்கிறார்… யூதாவில் இருப்பது அப்படியே. நடத்தினவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

அந்த நூல் எத்தியோப்பியத் திருச்சபையின் வேதத்தில் இன்றைக்கும் இருக்கிறது. சாக்கடல் ஓரம் கும்ரான் குகையில் அதன் அரமேயத் துண்டுகளும் கிடைத்தன. மறைக்க அதில் என்ன இருக்கிறது? யூதா ஒரு வரியை எடுத்தாண்டதால் முழு நூலும் வேதமாகிவிடாது. அத்தேனே பட்டணத்தில் பவுல் கிரேக்கக் கவிஞரைக்கூடத்தான் எடுத்துச் சொன்னார் (அப். 17:28). இவ்வளவு சொல்லியிருந்தால் போதும். அந்தப் பையன் அதற்கப்புறம் வரவே இல்லை.

ஓலை

தங்கச்சி வாசகி, எனக்கும் ஒன்று உண்டு. சீர்திருத்த சபையாரின் ஆங்கில வேதாகமமான 1611 கிங் ஜேம்ஸின் நகல் பதிப்பை ஒரு நூலகத்தில் புரட்டினேன். நடுவில் தோபித்து, யூதித்து, மக்கபேயர் எல்லாம் இருந்தது. திகைத்துப்போனேன். அவ்வளவுதான் கதை.

விஷயத்துக்கு வருகிறேன். பெரியப்பாமேல் வருத்தப்படாதே. அவர் கையில் இருக்கும் புத்தகம் அப்படி. சீர்திருத்தத்தைத் தொடங்கிய லுத்தர்கூட தன் 1534 வேதாகமத்தில் இவற்றைத் தூக்கி எறியவில்லை. இரண்டு ஏற்பாடுகளுக்கும் நடுவில் வைத்து, வேதத்துக்குச் சமம் அல்ல, ஆனால் வாசிக்க நல்லது என்று தலைப்பிலேயே எழுதினார். 1826-ல் பிரிட்டிஷ், வெளிநாட்டு வேதாகமச் சங்கம் இவற்றைச் சேர்த்து அச்சிடக் காசு தரமாட்டோம் என்று முடிவெடுத்தது. அதற்கப்புறம் மெல்ல மெல்ல கண்ணிலிருந்தே மறைந்தது. உங்கள் ஆட்களும் 1546-ல், கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கத்தில்தானே சேர்த்தார்கள்?

ஆகவே இனிமேல் இரண்டு குடும்பமும் கூடுகிற இடத்தில் ஆதியாகமம் 2 எடு, ரூத் எடு, 1 கொரிந்தியர் 13 எடு. வாசகங்களை முன்கூட்டியே அச்சடித்து இரண்டு வீட்டுக்கும் கொடு. அத்தான் வீட்டுப் போதகரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு. அக்காவிடம் சொல், இந்தப் பேச்சு வந்தால் சிரித்துவிட்டு உள்ளே போய்விடச் சொல். தர்க்கம் வேண்டாம். குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று வரும்போது இதைவிடப் பெரிசாகக் கிளம்பும், அதற்கும் இப்போதே…

வாசகி

அண்ணா, 1 கொரிந்தியர் 13-தான் இரண்டாம் வாசகம். அதையும் நான்தான் வாசித்தேன். அக்காவுக்குக் குழந்தையே பிறக்கவில்லை இன்னும்!

சீராக் ரசிகன்

ஓலை, 1546-ல் ‘சேர்த்தார்களா’? 397 கார்த்தேஜ் சங்கத்தின் பட்டியலில் தோபித்து, யூதித்து, மக்கபேயர் இரண்டும் இருக்கிறது. வேதத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் ஒப்பவில்லை, அகுஸ்தினார் ஒப்புக்கொண்டார். சண்டை அவ்வளவு பழசு. திரெந்து செய்தது, திறந்தே கிடந்த கதவுக்குப் பூட்டுப் போட்டது.

என் கதை. அப்பாவின் நினைவுத் திருப்பலி. 2 மக்கபேயர் 12, இறந்துபோன வீரர்களுக்காக யூதா மக்கபே பலி ஒப்புக்கொடுக்கச் சொல்லிப் பணம் அனுப்புகிற பகுதி. வேறு சபைக்குப் போய்விட்ட என் அண்ணன் கோயிலுக்குள் வரவில்லை, வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான். பூசை முடிந்து கல்லறைக்கு மட்டும் வந்தான். நாங்கள் மெழுகுதிரி ஏற்றி ஜெபம் சொல்லச் சொல்ல, அவன் குனிந்து அப்பாவின் கல்லைச் சுற்றியிருந்த புல்லைப் பிடுங்கிக்கொண்டே இருந்தான். ஒன்றுவிடாமல் பிடுங்கினான். எங்களில் ஒருத்தருக்கும் அதுவரை அது தோன்றவில்லை.

ஓரக்குறிப்பு

கூட வேலை செய்கிறவர் பர்னபா நற்செய்தி என்று ஒரு புத்தகம் கொடுத்தார். “உங்க சபை மறைச்சது. சினாய்ச் சுவடியிலேயே இருக்கு” என்றார். சினாய்ச் சுவடி 4-ம் நூற்றாண்டுக் கிரேக்க வேதாகமக் கையெழுத்துப்படி. அதில் இருப்பது பர்னபாவின் நிருபம். அது வேறு, இது வேறு. இந்த நற்செய்தியின் இத்தாலியச் சுவடி வியன்னாவில் இருக்கிறது. இதில் இயேசு கப்பலேறி நாசரேத்துக்குப் போகிறார்! போனில் வரைபடத்தைத் திறந்து, நாசரேத் மலைமேல் இருப்பதைக் காட்டினேன். “அப்போ கடல் பெரிசா இருந்திருக்கும்” என்றார். யூபிலி என்னும் விடுதலை ஆண்டு 100 ஆண்டுக்கு ஒருமுறை என்றும் வருகிறது. லேவியராகமத்தில் 50. 100 என்பது 1300-ல் எட்டாம் போனிபாஸ் போப் அறிவித்த கணக்கு. அப்படியானால் இது அதற்கப்புறம் எழுதினதாகத்தானே இருக்கணும்? அதற்கு அவரிடம் பதில் இல்லை.

நான் ஜெயித்துவிட்டேன் என்று எழுந்திருக்கும்போதுதான் கேட்டார்: “சரி சார், மாற்கு 16-ல 9-லேர்ந்து 20 வரைக்கும் அந்தச் சினாய்ச் சுவடியில இருக்கா?”

இல்லை. உயிர்த்த இயேசு சீடருக்குத் தோன்றுகிற அந்தப் பகுதி நம் வேதத்தில் இருக்கிறது, அங்கே இல்லை. அதுதான் குடைகிறது.

கடைசி பெஞ்ச்

அதே காலத்து வத்திக்கான் சுவடியிலும் இல்லை. ஆனால் அந்த இரண்டு சுவடிக்கும் முந்தி, 2-ம் நூற்றாண்டிலேயே, ஆயர் இரேனேயு 16:19-ஐ மாற்கு தன் நூலின் முடிவில் எழுதியது என்று சொல்லி மேற்கோள் காட்டுகிறார். இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஓரக்குறிப்பு

இன்று சொன்னேன். “அப்போ இரேனேயு எழுதினதையும் உங்க வேதத்துல சேர்த்துக்கங்க” என்கிறார்.