மறு: ஜியோகேச்சுக்குத் தமிழ்ச் சொல் (கூடவே, ரயில் வராத ரயில் பாதைக்கும்)

குழுவினருக்கு வணக்கம்.

ஜியோகேச்சுக்கும், ரயில் வராத ரயில் பாதைக்கும் தமிழில் என்ன சொல்வது என்ற என் கேள்வி எங்கிருந்து முளைத்தது என்று கேட்டவர்களுக்கு: ஜெர்மனியில் நோய்ஸ் பக்கம் இருக்கும் என் தங்கை மகன், அங்கே பாதியில் நின்றுபோன ஒரு ரயில் பாதையின் வரலாற்றை வைத்து ஜியோகேச் அமைக்கிறான். ஒருவர் எங்காவது ஒளித்து வைப்பதை மற்றவர்கள் ஜிபிஎஸ் உதவியோடு தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு அது. விவரப் பக்கத்தைத் தமிழிலும் போட வேண்டுமாம். அந்த வேலை என் தலையில் விழுந்தது.

> புவிப்புதையல் என்றே வைத்துக்கொள்ளலாமே ஐயா, கேட்க நன்றாக இருக்கிறதே.

நன்றாகத்தான் இருக்கிறது அம்மா. ஆனால் அங்கே புதைப்பதற்குத்தான் தடை. மண்ணைத் தோண்டக் கூடாது என்பது இந்த விளையாட்டின் அடிப்படை விதி. வேர் இடுக்கிலோ கல்லுக்கடியிலோ செருகி வைப்பார்கள். புதையல் என்று சொல்லவும் உள்ளே ஒன்றும் இருக்காது. ஜெர்மனியில் பலரும் வைப்பது, பிளாஸ்டிக் பாட்டிலாக ஊதப்படுவதற்கு முன்பு இருக்கும் தடித்த குழாய், 'பெட்லிங்' என்கிறார்கள். திருகுமூடியைத் திறந்தால் சுருட்டிய காகிதம் ஒன்று. கண்டுபிடித்தவர் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். புதையல் என்று போட்டால் எவனாவது கடப்பாரையோடு கிளம்பிவிடுவான். (2000 மே 3 அன்று ஒரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் வைத்த முதல் வாளி பாதி மண்ணுக்குள் இருந்தது என்பது வேறு கதை. தோண்டாதே என்ற விதி பிறகு வந்தது.)

> பதுக்கல்?

ரேஷன் அரிசி வாசனை அடிக்கிறது. ஆங்கிலத்திலும் இதே தொல்லை இருந்திருக்கிறது. முதலில் அவர்கள் சொன்னது 'ஸ்டாஷ்', ஒளித்து வைத்த சரக்கு என்று பொருள். அதில் போதைப்பொருள் நெடி இருக்கிறது என்ற பேச்சு எழுந்து, அந்த மே மாதக் கடைசியிலேயே 'ஜியோகேச்சிங்' என்ற பெயர் வந்தது. வந்ததும் ஒரு மடலாடற்குழுவில்தான். நமக்கு மூன்று வாரம் ஆகியும் முடியவில்லை.

மறைபெட்டி என்ற யோசனையில், குழாயைப் பெட்டி என்பதா என்ற சிக்கல். கரவு என்ற சொல் எனக்கு உள்ளூரப் பிடிக்கும். ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டை ஒளித்து வைக்கும் கரந்துறைபாட்டு நம்மிடம் உண்டே. ஆனால் கரவுக்கு வஞ்சகம் என்றும் பொருள். அப்புறம், பள்ளிப் பிள்ளைக்கு எட்டாது.

என் முன்மொழிவு: மறைவைப்பு. மறைவாக வைத்தது, அவ்வளவுதான். புதைத்ததாகவும் சொல்லவில்லை, பெட்டி என்றும் சொல்லவில்லை. கிளைச் சொற்களும் எளிதாக வருகின்றன: தொடர் மறைவைப்பு (பல நிலைகளாகத் தேடுவது), புதிர் மறைவைப்பு, வைத்தவர், தேடுபவர். 'வைப்பு' என்றதும் யாராவது சிரிப்பார்கள், தெரியும். வங்கி வைப்புநிதிக்கு வராத சிரிப்பு இதற்கு மட்டும் ஏன்? முன்னால் 'புவி' ஒட்டத் தேவையில்லை. 2008இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்திலேயே ஒன்றை வைத்துவிட்டார்கள்.

> கட்டப்படாத ரயில் பாதை என்று நேராகச் சொன்னால் என்ன?

கட்டியிருக்கிறார்களே! நோய்ஸிலிருந்து ஆர் ஆற்றுப் பள்ளத்தாக்கு வரை, ரூர் தொழிற்பகுதியை மோசல் ஆற்றுப் பக்கத்தோடு இணைக்கப் போட்ட திட்டம் அது. பிரெஞ்சு எல்லைக்குப் படைகளை அனுப்பவும் உதவும் என்பதால் ஊர்மக்கள் வாயில் அதன் பெயர் 'போர்த்தந்திர ரயில்மேடு'. முதல் உலகப் போரில் நின்று, பிறகு தொடங்கி, பிரெஞ்சுப் படை ரூருக்குள் நுழைந்த 1923இல் ஒரேயடியாக நின்றது. மேடு போட்டாயிற்று, சுரங்கங்கள் குடைந்தாயிற்று, பாலத்தூண்கள் எழுந்தாயிற்று. ரயில் மட்டும் ஓடவேயில்லை.

ஆனால் அந்தச் சுரங்கங்கள் சும்மா கிடக்கவில்லை. காளான் வளர்த்தார்கள். இரண்டாம் உலகப் போரில் கைதிகளை வைத்து வி-2 ஏவுகணைக்கான கருவிகள் செய்தார்கள். பக்கத்து ஆர்வைலர் ஊர் மக்கள் குண்டுவீச்சுக்குப் பயந்து சில்பர்பெர்க் சுரங்கத்தில் குடியிருந்தார்கள். பனிப்போர்க் காலத்தில் டிராட்சன்பெர்க், குக்ஸ்பெர்க் சுரங்கங்களை விரித்து, அணுப்போர் வந்தால் மேற்கு ஜெர்மனி அரசு ஒளிந்துகொள்ள 17 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பதுங்கிடம் கட்டினார்கள். ஆடன்பாக் பள்ளத்தாக்கின் பாலத்தூண்களில் இப்போது கயிறு கட்டிப் பாறையேற்றம் பழகுகிறார்கள். இதையெல்லாம் 'கட்டப்படாத' என்று எப்படி எழுதுவது?

ரயில் வராத பாதைகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்வோம் என்கிறேன். தாளோடு நின்றது ஏட்டுப்பாதை; தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே பேசப்பட்ட ரயில் பாலம் அந்த வகை, 1914 முதல் ஓடியது கப்பல்தான். ஓடி நின்றது கைவிட்ட பாதை. 1964 புயலுக்குப் பிந்தைய தனுஷ்கோடி தடம் போல. நடுவில் நிற்கும் இந்த ஜெர்மன் வகைக்குக் குறைப்பாதை. அரைகுறை, குறைவேலை என்று ஏற்கெனவே பேசுகிறோம், புதிதாக ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. 'முற்றாப் பாதை' என்றவருக்கு: முற்றாத வெண்டைக்காய்தான் நினைவுக்கு வருகிறது, மன்னிக்கவும்.

மிச்சம் இரண்டு சில்லறை விஷயங்கள். மருமகன் அமைப்பது தொடர் மறைவைப்பு; ஒவ்வொரு நிலையிலும் ஓர் எண்ணைக் கண்டுபிடித்து அடுத்த இடத்தைக் கணக்கிட வேண்டும். அந்த இடக்குறிப்பு எண்களுக்கு (ஆங்கிலத்தில் கோஆர்டினேட்ஸ்) நம் பாடநூலில் ஆயத்தொலை, இலங்கையில் ஆள்கூறு. அங்கே படிக்கப்போகிறவர்களில் பெரும்பாலோர் ஈழத்தவர் என்பதால் ஆள்கூறு என்றே போடுகிறேன். குழாய்க்குள் இருக்கும் காகிதத்துக்கு 'வருகையேடு' என்று எழுதி வைத்திருக்கிறேன். விரல் நீளச் சுருளை ஏடு என்பது கொஞ்சம் அதிகம்தான். வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் பக்கத்தை அனுப்பியாக வேண்டும்.