புதிய ஐரிஷ் நூல்கள்: முதலில் வாசிக்க வேண்டியது நாவலா, அபுனைவா?

மருதன்:
அண்மைக்கால ஐரிஷ் நூல்களைப் பற்றிக் கேட்டால், 2023இல் புக்கர் பரிசு பெற்ற பால் லிஞ்சின் ‘ப்ராஃபெட் சாங்’ நாவலையே எல்லோரும் முதலில் சொல்கிறார்கள். தொழிற்சங்கவாதியான கணவனை ரகசியக் காவல்துறை கொண்டுபோன பிறகு, நான்கு பிள்ளைகளோடு டப்ளினில் தவிக்கும் தாயின் கதை அது. பத்தி பிரிக்காத நடை மூச்சுமுட்ட வைப்பது உண்மைதான். ஆனால் சிரியப் போரின் தாக்கத்தில் பிறந்த அந்தக் கற்பனை அயர்லாந்து, இருக்கின்ற அயர்லாந்தைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறது. ஃபின்டன் ஓ'டூல் 2021இல் வெளியிட்ட ‘வீ டோன்ட் நோ அவர்செல்வ்ஸ்’ என்ற அபுனைவு நூல், அவர் பிறந்த 1958இல் தொடங்கி, திருச்சபையின் பிடியிலிருந்த ஒரு நாடு மாறிய விதத்தைத் தன் வாழ்க்கையோடு பின்னிச் சொல்கிறது. முதலில் வாசிக்க வேண்டியது அதுதான் என்பேன்.

தேன்மொழி:
மருதன் அவர்களே, லிஞ்சை மட்டும் வைத்து ஐரிஷ் நாவலை எடைபோடுவது நியாயமா? அதே 2021இல் வந்த கிளேர் கீகனின் ‘ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்’ நூற்றுச்சொச்சம் பக்கங்களே கொண்டது. 1985ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில், நியூ ராஸ் ஊரின் கரி வியாபாரி ஃபர்லாங், கன்னியர் மடத்துக்குக் கரி இறக்கப்போன இடத்தில் கரிக்கொட்டகையில் அடைபட்ட ஒரு பெண்ணைக் காண்கிறார். அவருக்கு ஐந்து மகள்கள். ஊரில் பெண் பிள்ளைகளுக்கான நல்ல பள்ளியும் அதே கன்னியர் கையில்தான் இருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்தும் எவரும் வாய் திறக்காத நிலையை ஓ'டூல் விளக்குகிறார். அந்த வாய் ஏன் திறக்கவில்லை என்பதைக் கீகன் ஒரு குடும்பத்தின் சமையலறைக்குள் வைத்தே காட்டிவிடுகிறார்.

மருதன்:
கீகனின் கலைத்திறனை நான் மறுக்கவில்லை. ஆனால் அவருடைய கதை ஒரே ஒரு பெண்ணோடு நிற்கிறது. அப்பெண்ணைப் போன்றவர்களை அடைத்துவைத்துக் கன்னியர் வேலை வாங்கிய மக்தலேன் சலவையகங்களில் கடைசியானது மூடப்பட்டது 1996இல். அரசு மன்னிப்புக் கேட்டது 2013இல். மணமாகாத தாய்மாரைப் பிள்ளைகளோடு வைத்திருந்த டூவாம் நகரின் தாய்-சேய் இல்லத்தில் இறந்த 796 குழந்தைகளின் இறப்புச் சான்றிதழ்களைத் தேடிச் சேர்த்த கேத்தரின் கார்லெஸ், வரலாற்றுத் துறைப் பேராசிரியர் அல்லர். உள்ளூர் வரலாற்றில் ஆர்வம் கொண்ட ஓர் இல்லத்தரசி. அவருடைய ‘பிலாங்கிங்’ என்ற நினைவுக்குறிப்பைப் படித்தவர்களுக்கு நாவலின் நயம் இரண்டாம்பட்சமாகிவிடும்.

இளம்பரிதி:
இருவரும் விட்டுவிட்ட ஒன்றைச் சொல்கிறேன். 1982இல் ஒரு செவிலியையும் ஒரு விவசாயியையும் கொன்ற மால்கம் மக்ஆர்தர், அரசின் தலைமை வழக்கறிஞர் வீட்டில் கைதானார். அதைத் தழுவி ஜான் பான்வில் 1989இல் நாவல் எழுதினார். மார்க் ஓ'கானலோ விடுதலையான மக்ஆர்தரோடு நேரிலேயே பேசி, 2023இல் ‘எ த்ரெட் ஆஃப் வயலன்ஸ்’ என்ற அபுனைவை வெளியிட்டார். அப்படியும் அந்த மனிதர் பிடிபடவில்லை. அந்தத் தடுமாற்றத்தையே ஓ'கானல் நூலாக்கியிருக்கிறார். நேரில் கேட்டால் உண்மை கிடைத்துவிடும் என்னும் மருதனின் நம்பிக்கைக்கு இந்நூல் இடம் தராது.

மருதன்:
கொலையாளி சொல்லும் கதை வேறு, இறப்புச் சான்றிதழ் வேறு. கார்லெஸ் நம்பியது இரண்டாவதை.

தேன்மொழி:
அந்தச் சான்றிதழ்களில் அக்குழந்தைகளின் தாய்மார் என்ன நினைத்தார்கள் என்று எழுதியிருக்காது. நான் கீகனை முதலில் வைப்பது அதனால்தான்.