ஒற்றைத் தலைவலியை இயற்கைத் தேர்வு ஏன் விட்டுவைத்தது?

மலையருவி:
என் தாயாருக்கும் எனக்கும் ஒற்றைத் தலைவலி உண்டு. வந்துவிட்டால் ஒரு நாள் முழுவதும் இருட்டறையில் முடங்கிக் கிடக்க வேண்டியதுதான். காட்டில் வேட்டையாடித் திரிந்த காலத்தில் இப்படி முடங்கியவர்களைப் புலி கொண்டுபோயிருக்காதா? முதுமையில் வரும் நோயென்றால், பிள்ளை பெற்ற பிறகு வருவதால் இயற்கைத் தேர்வின் (பிழைத்துப் பிள்ளை பெற உதவும் பண்புகளே தலைமுறைதோறும் பெருகுவதன்) பிடிக்குத் தப்பியது எனலாம். இதுவோ பெண்களுக்குப் பெரும்பாலும் பூப்பெய்திய பின் தொடங்கி, மகப்பேற்று வயதிலேயே மிகுந்திருக்கிறது.

கார்முகில்:
வலியால் என்ன நன்மை என்று தேடுவதைவிட, வலிக்கு ஆளாக்கும் மரபணுக்கள் வேறென்ன வேலை செய்கின்றன என்று தேடுவதே பொருத்தம். டிஆர்பிஎம்8 என்பது குளிரை உணரும் நரம்புகளிலுள்ள ஏற்பி, அதாவது தூண்டலை உணரும் புரதம். நெற்றியில் தைலம் தடவியதும் சில்லென்று இருப்பது, அதிலுள்ள மெந்தால் இந்த ஏற்பியைத் தூண்டுவதால்தான். இதற்கான மரபணுவின் அருகேயுள்ள ஒரு மாற்றம் நைஜீரியரிடம் சுமார் 5 விழுக்காடும் பின்லாந்தினரிடம் சுமார் 88 விழுக்காடும் இருப்பதை, ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் பரிணாம மானிடவியல் நிறுவனத்தார் உள்ளிட்டோர் 2018-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. குளிர்நாடுகளில் குடியேறியோருக்கு அது உதவியிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. ஒற்றைத் தலைவலிக்கான வாய்ப்பைக் கூட்டுவதும் அதே மாற்றம்தான்.

மலையருவி:
நன்றி. ஆனால் தூத்துக்குடி வெயிலில் தலைமுறை தலைமுறையாக வாழும் எங்களுக்குக் குளிர் காரணமாக முடியாதே?

நெய்தல்:
முடியாதுதான், அந்த மரபணு கதையின் ஒரு துணுக்கு மட்டுமே. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுத் தரவுகளைத் திரட்டி 2022-இல் வெளிவந்த ஆய்வு, இந்நோயோடு தொடர்புடைய 123 இடங்களை நம் மரபணுத் தொகுதியில் கண்டது. ஒவ்வொன்றின் விளைவும் மிகச் சிறிது. அவ்வளவு சிறியதைத் தேர்வு எளிதில் களைவதில்லை. மாறாக, ஒரே மரபணு மாற்றத்தால் குடும்பவழி வந்து, வலியோடு ஒரு பக்க உடலையும் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்யும் கடுமையான வகை மிக அரிதாகவே இருக்கிறது.

வலியில்லாத நாட்களிலும் இந்நோயாளிகளின் மூளை, மீண்டும் மீண்டும் வரும் ஒலிக்கும் ஒளிக்கும் எளிதில் பழகிப்போவதில்லை என்று பல ஆய்வுகள் கண்டுள்ளன. இரவில் சருகு அசையும் ஓசைக்குப் பழகாத காது காட்டில் பயன்பட்டிருக்கலாம், ஆனால் இது ஊகமே. புலியைப் பொறுத்தவரை எனக்கு உடன்பாடில்லை: தலைவலியின் தாக்குதல் பொதுவாக 4 முதல் 72 மணி நேரத்தில் தணியும், உயிரைக் கொல்வதில்லை, கூட்டமாக வாழ்ந்தோரில் முடங்கியவருக்குத் துணையும் இருந்திருக்கும். கருவுற்ற பெண்கள் பலருக்குப் பிந்தைய மாதங்களில் வலி குறைந்தும் விடுகிறது. ஆகவே படும் துன்பம் பெரிதாயினும், பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கையில் அது ஏற்படுத்திய குறைவு நாம் நினைப்பதைவிடச் சிறிதாக இருந்திருக்கக்கூடும்.