அரிச்சல்முனைல துடுப்பு இல்லாத சாம்பல் முதுகு, இது ஆவுளியாவா (கடல்பசு)?

உப்புக்காத்து:
வலசைப் பறவை பாக்க அக்டோபர் கடைசில தனுஷ்கோடி போயிருந்தோம். காலைல அரிச்சல்முனைல ஸ்கோப் வச்சு பெண்கடல் (பாக் விரிகுடா) பக்கம் ஒரு ஆலா (கடற்பறவை) கூட்டத்த பாத்துட்டு இருந்தேன், ஒரே இடத்துல சுத்தி சுத்தி தண்ணிக்குள்ள பாஞ்சிட்டே இருந்துச்சுங்க, அப்ப அதுங்களுக்கு கீழயே வழவழன்னு சாம்பல் கலர்ல ஒரு முதுகு உருண்டு மேல வந்து சட்டுனு உள்ள போயிடுச்சு, கொஞ்சம் தள்ளி இன்னும் ரெண்டு. முதுகுத் துடுப்பு சுத்தமா இல்ல. கூட வந்தவங்க ஆவுளியான்னு அடிச்சு சொல்றாங்க. போட்டோல வெறும் தண்ணிதான். தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கரைநடை:
நண்பா, நீங்க சொன்னதுல ஆலாதான் முக்கியமான துப்பு. ஆலா மீனுக்குத்தான் பாயும், அடியில இருந்து ஏதோ ஒண்ணு மீன விரட்டி மேல கொண்டு வந்திருக்கு. ஆவுளியா கடல்புல் மேயுற ஜீவன், அது மீன விரட்டாது. துடுப்பும் இல்ல, உருண்டு வந்து சட்டுனு போச்சுன்னா என் கணிப்பு ஃபின்லெஸ் போர்பாய்ஸ். டால்ஃபினுக்கு சொந்தம்தான், ஆனா மூக்கு நீண்டிருக்காது, தலை உருண்டையா இருக்கும். எவ்ளோ பெருசு இருந்துச்சு?

உப்புக்காத்து:
ஆள் நீளம்தான் இருக்கும். மூக்கு மாதிரி எதுவும் தெரியல.

பாம்பன்காரன்:
அப்ப போர்பாய்ஸ்தான் தம்பி, அது ஒன்றரை மீட்டர் சுமாருக்குத்தான் வளரும், ஆவுளியான்னா 3 மீட்டர் வரை போகும், அதுவும் நிதானமா மூக்கு நுனிய மட்டும் வெளிய நீட்டி மூச்சு விட்டுட்டு அமுங்கிடும். கடல்புல் நல்லா இருக்குற பாக் விரிகுடாலதான் 2022ல தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலுக்கு 448 சதுர கிலோமீட்டர் கடல்பசு காப்பகம் அறிவிச்சாங்க. ஒரு விஷயம், வடகிழக்குப் பருவக்காத்து பிடிச்சிட்டா பெண்கடல்தான் கொந்தளிக்கும், ஆண்கடல் (மன்னார் வளைகுடா பக்கம்) அமைதியாயிடும். அதனால அடுத்து டிசம்பர்ல வந்தா ஸ்கோப்ப அந்தப் பக்கம் திருப்புங்க, அலை இல்லாத தண்ணில தான் இந்த மாதிரி முதுகு கண்ணுல படும்.

கரைநடை:
படகு பிடிச்சு கிட்ட போகணும்னு மட்டும் நினைக்காதீங்க, போர்பாய்ஸ் ரொம்ப கூச்ச சுபாவம், எஞ்சின் சத்தம் கேட்டாலே விலகிடும். ஆமா, நண்டு தின்னுற வலசைப் பறவை க்ராப் ப்ளவர் கெடச்சுதா?

உப்புக்காத்து:
கெடச்சுது! ஒண்ணு நண்ட கவ்வி உதறி உதறி கால பிச்சுட்டு முழுங்குனத ஸ்கோப்ல பாத்தேன். அது போட்டோல நல்லா விழுந்திருக்கு, சாயங்காலம் போடுறேன்.