குவாட்ரோ எம்4000-ஆ, பி2000-ஆ? வேலையும் நடக்கணும், கேமும் ஓடணும்

கொழிஞ்சாம்பாறை பையன்

எல்லோருக்கும் வணக்கம். நான் இருப்பது பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை. கோயம்புத்தூரில் பம்பு செய்யும் ஒரு கம்பெனிக்கு வீட்டில் இருந்தபடியே சாலிட்ஒர்க்ஸில் டிராயிங் போட்டுக் கொடுக்கிறேன். பகலில் இம்பெல்லரும் கேஸிங்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அதே கம்ப்யூட்டரில் நானும் தம்பியும் மாறி மாறி கேம் ஆடுவோம்.

மெஷின் ஒரு பழைய ஒர்க்ஸ்டேஷன். ஜியான் இ5-1620 வி3, 16 ஜிபி ரேம், விண்டோஸ் 10. கூடவே வந்த கிராபிக்ஸ் கார்டு குவாட்ரோ கே620 (குவாட்ரோ என்பது டிசைன் வேலைக்காக என்விடியா செய்த வரிசை). 2 ஜிபிதான். டிராயிங்குக்கு எப்படியோ ஒப்பேற்றினேன், ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 போட்டால் படம் படமாக நகர்கிறது.

காந்திபுரம் பக்கம் ஒரு செகண்ட் ஹேண்ட் கடையில் இரண்டு கார்டு காட்டினார்கள். ஒன்று எம்4000, 8 ஜிபி, 5,500 ரூபாய். இன்னொன்று பி2000, 5 ஜிபி, 7,000 ரூபாய். விலை குறைவு, மெமரியும் அதிகம், கணக்குப் போடும் கோரும் அதிகம் (1,664, பி2000-இல் 1,024தான்). அதனால் எம்4000-ஐ வாங்கிக்கொண்டு வேலந்தாவளம் வழியாக பஸ்ஸில் வந்துவிட்டேன். ஏழு நாள் செக்கிங் வாரண்டி. மாற்ற வேண்டுமானால் அதற்குள் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள்.

இப்போது பிரச்சினை. கேம் ஆரம்பித்ததும் நொடிக்கு 45 ஃப்ரேம் வருகிறது, நன்றாகவே ஓடுகிறது. பத்து நிமிடம் கழித்து 25-க்கு இறங்கி அங்கேயே நிற்கிறது. வெளியே வந்து கொஞ்ச நேரம் விட்டுத் திரும்பப் போனால் மறுபடி 45. டிரைவரை அழித்துப் புதிதாகப் போட்டும் அதேதான். இதோடு யுபிஎஸ் வேறு இடையிடையே கீச் கீச் என்கிறது.

கார்டில் கோளாறா? பி2000-க்கே போயிருக்க வேண்டுமா? இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது, உதவி செய்யுங்கள்.

சால்டரிங் மாமா

தம்பி, முதலில் ஜிபியு-இசட் (கார்டின் நிலையைக் காட்டும் சாப்ட்வேர்) போட்டு சென்ஸார் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு கேம் ஆடுங்க. ஃப்ரேம் இறங்கும் அந்த நேரத்தில் டெம்பரேச்சர் எவ்வளவு, கோர் கிளாக் எவ்வளவு, வேகம் ஏன் குறையுது என்று சொல்லும் பெர்ஃப்கேப் ரீசன் என்ற வரியில் என்ன காட்டுது, இந்த மூன்றும் வேணும். யுபிஎஸ் எத்தனை விஏ?

கொழிஞ்சாம்பாறை பையன்

பார்த்தேன் அண்ணா. தொடக்கத்தில் 60 டிகிரி, கிளாக் 770-க்கு மேல். பத்தாவது நிமிடம் 89 டிகிரி, கிளாக் 500-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. பெர்ஃப்கேப் ரீசனில் தெர்ம் என்று வருகிறது. யுபிஎஸ் 600 விஏ.

சால்டரிங் மாமா

அப்போ கார்டு சாகவில்லை. சூடு தாங்காமல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. டிரைவரை எத்தனை தடவை மாற்றினாலும் இது போகாது.

எம்4000 ஒற்றை ஸ்லாட் கார்டு. ஒரே ஒரு புளோயர் ஃபேன் காற்றை உள்ளே இழுத்து, ஃபின் (சூட்டை வாங்கும் மெல்லிய தகடுகள்) வழியாகத் தள்ளி, பின்பக்க ஓட்டையில் வெளியே விடும். அந்தக் குறுகிய வழியில் தூசி அடைத்தால் ஃபேன் எவ்வளவு கத்தினாலும் காற்று போகாது. இந்தக் கார்டு வந்தது 2015-இல். ஏதோ ஓர் ஆபீஸில் வருஷக்கணக்காகத் திறக்காமலே ஓடியிருக்கும். சிப்பின் சூட்டைக் கடத்தும் பேஸ்டும் காய்ந்திருக்கும்.

கழற்றுவதற்கு முன்னால் கடைக்காரருக்கு ஒரு போன் போடுங்க. திருகு மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், அதைக் கிழித்ததும் வாரண்டி இல்லை என்று சொல்லிவிடுவார்கள். அவர் சரி என்றால் மட்டும் கை வையுங்க. மெமரி சிப் மேலே இருக்கும் தெர்மல் பேடு பத்திரம், கிழிந்தால் அதே தடிமனில் தேடி அலையணும்.

யுபிஎஸ் விஷயம் வேறு. 600 விஏ என்றால் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். உங்க ஜியான் மட்டும் 140 வாட் வகை. எம்4000 120 வாட். மானிட்டர், ஹார்டுடிஸ்க், போர்டு எல்லாம் சேர்ந்தால் விளிம்பில் நிற்கிறீங்க.

மீனாட்சிபுரம் எடிட்டர்

நான் இந்த இரண்டு கார்டையும் வைத்து வேலை செய்தவன். எம்4000 இரண்டு வருஷம், பி2000 இப்போதும் ஓடுகிறது. நீங்கள் கணக்குப் போட்ட விதத்தில்தான் தவறு என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

கோர் எண்ணிக்கையை ஒரே தலைமுறைக் கார்டுகளுக்கு நடுவில்தான் ஒப்பிட முடியும். எம்4000 மேக்ஸ்வெல் என்ற தலைமுறை. அதில் இருப்பது ஜிடிஎக்ஸ் 970 என்ற கேமிங் கார்டில் உள்ள அதே ஜிஎம்204 சிப், அதே 1,664 கோர். ஆனால் 970 ஆயிரம் மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடும். எம்4000 773-இல் நிற்கும். ஒற்றை ஸ்லாட்டில் 120 வாட்டுக்குள் அடக்க வேண்டும் என்று கிளாக்கைக் குறைத்துவிட்டார்கள். பி2000 அதற்கு அடுத்த பாஸ்கல் தலைமுறை, 2017-இல் வந்தது. ஜிடிஎக்ஸ் 1060-இல் உள்ள ஜிபி106 சிப்தான், கோரைக் குறைத்துப் போட்டிருக்கிறார்கள். ஆனால் 1,400-க்கு மேல் ஏறும். கோரையும் கிளாக்கையும் பெருக்கி, அதை இரண்டால் பெருக்கிப் பார்த்தால் (ஒரு கிளாக்குக்கு ஒரு கோர் இரண்டு கணக்கு) எம்4000 சுமார் 2.6 டெராஃப்ளாப்ஸ், அதாவது நொடிக்கு 2.6 லட்சம் கோடி கணக்கு, பி2000 சுமார் 3. அறுநூற்றுச் சொச்சம் கோர் குறைவாக இருந்தும் பி2000 முன்னால் போவது இதனால்தான்.

மெமரி வேகத்தில் எம்4000 கை ஓங்கும். 256 பிட், நொடிக்கு 192 ஜிபி. பி2000 160 பிட், 140 ஜிபி. ஆகக் கூட்டிக் கழித்தால் 1080பி-யில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வராது. பி2000 கொஞ்சம் முன்னால் நிற்கும், அவ்வளவுதான். டெக்ஸ்சரை அல்ட்ராவில் வைக்கும்போது 8 ஜிபி உதவும், ஆனால் அந்த அல்ட்ராவை ஓட்ட எம்4000-க்குத் தெம்பு இருக்காது.

எனக்குப் பி2000 பிடித்ததற்குக் காரணம் ஃப்ரேம் கிடையாது. அது 75 வாட். பவர் கேபிள் சொருகவே வேண்டாம், ஸ்லாட்டில் இருந்தே எடுத்துக்கொள்ளும். சூடு குறைவு, சத்தம் குறைவு. அப்புறம் வீடியோ. எச்இவிசி 10 பிட் என்ற முறையில் சுருக்கிய வீடியோ ஃபைலை டைம்லைனில் போட்டால் பி2000 தன் டிகோடரில் (சுருக்கிய வீடியோவை விரிக்கும் பகுதி) ஓட்டிவிடும். எம்4000-இன் சிப்பில் அதற்கு முழு டிகோடர் இல்லை, சுமை ப்ராசஸர் தலையில் விழும். உங்கள் ஜியானில் இன்பில்ட் கிராபிக்ஸும் கிடையாது, ஆள் மாற்றிக் கொடுக்கவும் வழியில்லை. கல்யாண வீடியோ எடிட் செய்யும் எனக்கு அந்த வேறுபாடு தினமும் கண்ணில் பட்டது.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் இருக்கிறதா? இரண்டு கார்டிலும் எச்டிஎம்ஐ கிடையாது, நாலும் டிஸ்ப்ளேபோர்ட்தான். 1080பி 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் சாதாரண கன்வெர்ட்டர் போதும்.

வாளையார் ரைடர்

ப்ரோ, நான் வேறு மாதிரி சொல்கிறேன், கோபிக்காதீங்க. கேமுக்கு எதற்குக் குவாட்ரோ? அதே காசுக்கு மேல் கொஞ்சம் போட்டு ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் செகண்ட் ஹேண்டில் எடுங்க. 6 ஜிபி ஜிடிடிஆர்6, நொடிக்கு 336 ஜிபி. இந்த இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

முக்கியமான விஷயம் டிரைவர். மேக்ஸ்வெல், பாஸ்கல் இரண்டுக்கும் 580 என்ற டிரைவர் வரிசைதான் கடைசி. 2025 அக்டோபரோடு கேம் ரெடி டிரைவர் நின்றது, பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். 1660 சூப்பர் பிறகு வந்த டூரிங் தலைமுறை, அதற்கு இன்னும் டிரைவர் வருகிறது. இன்று 7,000 கொடுத்து, நாளைக்குப் புதுக் கேம் ஒன்று சரியாக ஓடவில்லை என்றால் திருத்தித் தர ஆள் இல்லை. இண்டியானா ஜோன்ஸ் மாதிரி ரே டிரேசிங் (ஒளி விழுவதைக் கணக்குப் போட்டுக் காட்டுவது) கட்டாயம் என்று வரும் கேம்கள் எம்4000, பி2000 எதிலும் திறக்கவே திறக்காது. (அதற்கு 1660 சூப்பரும் போதாது, ஆர்டிஎக்ஸ் மாதிரி ரே டிரேசிங் உள்ள கார்டு வேணும்.)

ஏஎம்டி-யின் ஆர்எக்ஸ் 580 கார்டை யாராவது காட்டினால் 2048எஸ்பி என்று எழுதியிருக்கா என்று பாருங்க. அசல் 580-இல் 2,304 ஷேடர் (கோர் மாதிரிதான்), 2048எஸ்பி-யில் 2,048தான். பெயர் ஒன்று, சரக்கு வேறு.

மீனாட்சிபுரம் எடிட்டர்

ரைடர் சொல்வது கேமுக்கு மட்டும் என்றால் நூறு சதவீதம் சரி. நானும் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் இவருக்குச் சோறு போடுவது சாலிட்ஒர்க்ஸ். குவாட்ரோவில் காசு போனது சிப்புக்கு இல்லை, சாலிட்ஒர்க்ஸ் மாதிரி கேட் (CAD) சாப்ட்வேருக்காகச் சோதித்து விட்ட டிரைவருக்கு. அசெம்பிளியைச் சுழற்றும்போது கோடு உடைந்து தெரிவது, மாடலை நிஜப் பொருள் போலக் காட்டும் ரியல்வியூ பட்டன் மங்கிக் கிடப்பது, இந்தத் தொல்லை ஜிடிஎக்ஸில் வரலாம். புதிதாக வாங்கும்போதுதான் குவாட்ரோ கேமுக்கு நஷ்டம். பத்தாயிரத்துக்குள் செகண்ட் ஹேண்டில் வரும்போது அதே சிப் கேமிங் கார்டு விலைக்கே கிடைத்துவிடுகிறது.

கடையில் பி4000 இருக்கிறதா என்றும் கேளுங்கள். 1,792 கோர், 8 ஜிபி, 243 ஜிபி வேகம், அதுவும் 105 வாட்டில். எம்4000-ஐப் போல இரண்டு மடங்கு கணக்கு போடும். விலை கையில் அடங்கினால் யோசிக்கவே வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறை பையன்

கடைக்காரரிடம் கேட்டேன். திறந்துகொள், பேடு கிழிந்தால் மட்டும் நான் பொறுப்பில்லை என்றார். நேற்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் பழைய பேப்பர் விரித்து, தம்பி டார்ச் பிடிக்க, கழற்றினேன்.

மாமா சொன்னது அப்படியே இருந்தது. ஃபேனைத் தாண்டி ஃபின் தொடங்கும் இடத்தில் தூசி துணி மாதிரி படிந்திருந்தது. இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன், மொத்தமும் ஒரே துண்டாக உரிந்து வந்தது. கம்பளித் துண்டு போலச் சாம்பல் நிறம், ஃபின் வரிவரியாக அதில் அச்சு விழுந்திருந்தது. சிப் மேல் இருந்த பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பு. நகத்தால் தொட்டதும் பொரிப் பொரியாக உதிர்ந்தது. ஸ்பிரிட் வைத்துத் துடைத்து, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்துத் திருகினேன்.

இப்போது ஒரு மணி நேரம் ஆடியும் 78 டிகிரி. கிளாக் இறங்கவில்லை. 44, 45 ஃப்ரேமில் நிற்கிறது. தம்பி ராத்திரி ஒரு மணி வரை எழுந்திருக்கவில்லை.

கார்டை மூடும்போதுதான் என் கேபினட்டின் முன் சல்லடை ஜாலியையும் பார்த்தேன். நம் பக்கம் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று தெரியுமே, கணவாய் வழியாக வரும் மண் முழுக்க அதில் இருந்தது. அதையும் கழுவினேன்.

ஆனால் யுபிஎஸ் கீச் நிற்கவில்லை. நேற்று கேம் நடுவில் கரண்ட் போனதும் மெஷின் பட்டென்று அணைந்துவிட்டது. டிராயிங் திறந்திருந்தால் அரை நாள் வேலை போயிருக்கும். இது என்னை யோசிக்க வைக்கிறது.

சால்டரிங் மாமா

நல்ல கை தம்பி உங்களுக்கு. பேடு கிழியாமல் முதல் தடவையே எடுத்திருக்கீங்க.

கரண்ட் போகும் ஊரில் இரண்டு கார்டுக்கும் உள்ள 45 வாட் வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை. புது யுபிஎஸ் வாங்கும் காசை, பி2000-க்கு மாறக் கூடுதலாகும் 1,500-ஓடு வைத்துப் பாருங்க. இன்னொன்று, அந்த 16 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக்கா? உங்க போர்டு நாலு சேனல் எடுக்கும், அதாவது நாலு ஸ்டிக்கில் ஒரே நேரத்தில் படிக்கும். ஒற்றை ஸ்டிக் என்றால் வேலரண்ட், சிஎஸ்2 மாதிரி ப்ராசஸரை நம்பும் கேமில் எந்தக் கார்டு போட்டாலும் திக்கித் திக்கித்தான் ஓடும்.

கொழிஞ்சாம்பாறை பையன்

கடைசி நாள் நேரில் போய்விட்டு வந்தேன், அதனால் முழுசாக எழுதுகிறேன். வேறு யாராவது இதே இரண்டு கார்டைப் பார்த்துக்கொண்டு நின்றால் உதவும்.

பி4000 ஒன்று இருந்தது, 12,500 சொன்னார். இப்போதைக்கு முடியாது. மெஷினையே தூக்கிக்கொண்டு போனதால் பி2000-ஐ அங்கேயே மாட்டிப் பார்க்க விட்டார்கள். ரெட் டெட்டில் அதே செட்டிங், அதே வாலண்டைன் ஊர்த் தெரு. எம்4000-இல் 44 வந்த இடத்தில் பி2000 48, 49. டெக்ஸ்சரை ஏற்றிய பிறகு இடைவெளி இன்னும் குறைந்தது. வேலரண்டில் இரண்டும் ஒரே எண். மாமா சொன்ன மாதிரி ரேம் ஒரே ஸ்டிக்தான் இருந்தது. அங்கேயே இரண்டு 8 ஜிபி-யாக மாற்றிக்கொண்டேன், வேலரண்டில் திக்குவது கண்ணுக்குத் தெரிந்து குறைந்தது.

அரை மணி நேரம் ஓடிய பின் பி2000 70 டிகிரியைத் தாண்டவில்லை. 1,500 கூடக் கொடுத்து அதையே எடுத்துவிட்டேன். நாலு ஃப்ரேமுக்காக இல்லை. வீட்டுக்கு வந்து கேம் ஓடும்போதே யுபிஎஸ் பிளக்கை வேண்டுமென்றே பிடுங்கிப் பார்த்தேன். மெஷின் அணையவில்லை, சேவ் செய்து வெளியே வர ஐந்து நிமிடம் கிடைத்தது. சாலிட்ஒர்க்ஸில் ரியல்வியூ எரிகிறது, பெரிய அசெம்பிளி முன்பு போல இழுக்கவில்லை.

எம்4000-ஐத் திருப்பிக் கொடுத்தபோது தூசி எடுத்ததையும் பேஸ்ட் மாற்றியதையும் சொன்னேன். அவர் அதை மாட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு, அலமாரியில் இருந்த இன்னும் மூன்று எம்4000-ஐ எடுத்து மேஜையில் வைத்து, பையனைக் கூப்பிட்டு ஸ்க்ரூடிரைவர் கொண்டுவரச் சொன்னார்.